பதினான்காம் கேள்வி

வெள்ளிக்கிழமை தேர்வு. அறுபது சொற்கள்.
சீருடைப் பையில் காபிக் கறை படிந்த நோட்டு,
வார்டு உறங்கும்போது ஒவ்வொன்றாய் மெல்கிறேன்.
ஹாமர்ஃபெஸ்ட். மூன்றாம் மாடி.
நவம்பரில் இறங்கிய சூரியன்
ஜனவரி கடைசியில்தான் திரும்பும்.
அதுவரை ஜன்னலில்
துறைமுக விளக்கும் என் முகமும்.

கிரெப்பிடஸ்:
தோலுக்கடியில் காற்று புகுந்தால்
விரலுக்குத் தட்டுப்படும் நொறுங்கல்.
ஒட்லெய்ஃப், படகுத்துறைப் பனிக்கட்டியில் வழுக்கி
மூன்று விலா முறிந்து வந்தவர்.
அவர் நெஞ்சில் விரல் வைத்தேன்.
விடியுமுன் விழுந்த பனியில்
பூட்ஸ் பதிவது போலிருந்தது.
புத்தகமும் அதையேதான் சொல்கிறது என்றேன்.
"எழுதியவன் நம்ம பக்கத்து ஆளாத்தான் இருப்பான்."
சிரித்தார். சிரித்ததில் வலித்தது.
வலிக்கலை என்றார்.

அதற்கும் சொல் இருக்கிறது: மறுக்கிறார்.
நோயாளி வலியை மறுக்கிறார்.
மூச்சுத்திணறலை மறுக்கிறார்.
குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவரைப் போல
எல்லாவற்றையும் மறுக்கிறார்.
சார்ட்டில் அப்படியே எழுதினேன்.
கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள்
வெளுத்திருந்ததை எழுத
கட்டம் இல்லை.

உணரா இழப்பு:
மூச்சிலும் தோலிலும் தெரியாமல் கசிகிற நீர்.
அளக்க முடியாது.
நாளுக்கு எண்ணூறு மில்லி என
உத்தேசமாய்க் கழித்துக்கொள்ள வேண்டும்.
இந்த வரியைத் தாண்ட எனக்கு நேரமானது.
எதிர்க் கட்டில் தூருனுக்கு
மகள் புதன்தோறும் போன் செய்வாள்.
பிறகு ஒரு புதன் விட்டு ஒரு புதன்.
இந்த மாதம் இன்னும் இல்லை.
தூருன் கணக்கு வைப்பதில்லை.
செவ்வாய் இரவே தலை சீவிக்கொள்கிறாள்,
அவ்வளவுதான்.

பதினான்கு. அந்திக் குழப்பம்:
சூரியன் சாயும் வேளையில்
முதிய நோயாளியிடம் கூடும் தடுமாற்றம், பதற்றம்.

எந்தச் சூரியன்?

காலையும் இருட்டு, மதியம் கொஞ்சம் நீலம், பிறகும் இருட்டு.
இங்கே சாய்வதற்கு என்ன இருக்கிறது?
ஆனாலும் நான்கு மணிக்கு
ஒட்லெய்ஃபின் கால்கள் கட்டிலை விட்டு இறங்கும்.
பூட்ஸ் எங்கே? ஹால்வார்ட் காத்திருப்பான்.
ஹால்வார்ட் தம்பி.
கோப்பில் "நெருங்கிய உறவினர்" என்ற இடத்தில்
யாரோ அந்தப் பெயரை எழுதி
யாரோ அடித்திருக்கிறார்கள்.

முதல் நாள் இருவர் சேர்ந்து படுக்க வைத்தோம்.
இரண்டாம் நாள் மாத்திரை.
மூன்றாம் நாளும் மாத்திரை;
இரவுச் சாப்பாட்டை முழுக்கத் தூங்கிக் கழித்தார்.
நான்காம் நாள், யாரையும் கேட்காமல்,
அலமாரியிலிருந்து பூட்ஸை எடுத்துவந்தேன்.
உப்புப் பூத்த தோல். மீன்வாடை வார்டு முழுக்க.
தூருன் மூக்கைப் பொத்தினாள், பிறகு கையை எடுத்துவிட்டாள்.

இடதை இறுக்கக் கட்டினார். வலதை என்னிடம் விட்டார்.
எழவில்லை.
இருட்டைப் பார்த்து உட்கார்ந்தபடி,
"வடமேற்குக் காற்று. இன்னிக்குப் போக முடியாது,
அவன்கிட்ட சொல்லிடு."
துறைமுக அறிவிப்பும் அதையேதான் சொன்னது.

சொல்லிவிட்டேன் என்றேன்.

ஐந்து மணிக்குப் பூட்ஸைக் கழற்றினேன்.
கட்டை விரல் நகத்தை அழுத்தி விட்டேன்:
வெள்ளை. ஒன்று. இர—
அதற்குள் ரத்தம் வந்துவிட்டது.
இது இருபத்திரண்டாம் சொல், எனக்குத் தெரியும்.

தேர்வில் பதினான்காம் கேள்விக்கு எழுதினேன்:
நான்கு மணிக்கு வரும்.
சூரியன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
சிகிச்சை: பூட்ஸ்.

அரை மதிப்பெண் போயிற்று.
ஓரத்தில் குன்வோர் டீச்சரின் பச்சை மைக் கேள்விக்குறி,
பாதியில் மனம் மாறியது போல
புள்ளி வைக்காமல்.

தாளை மடித்துப் பையில் போட்டேன்.
இப்போது மூன்றே முக்கால்.
வலது கயிறு நைந்துவிட்டது, வேறு தேட வேண்டும்.